சொன்னவரே எடுக்கலாம்

சட்டம் நிறைவேறிய அன்று சிபி பட்டாசு வெடிக்கவில்லை. வெடித்தவர்களுக்கு வாங்கிக் கொடுத்தான்.

அந்தச் சட்டம் கேட்டுத் தாலுகா ஆபீஸ் முன்னால் வெயிலில் உட்கார்ந்தவர்களில் அவனும் ஒருவன். கையில் ஓர் அட்டை வைத்திருந்தான். 'என் மனைவியின் வார்த்தையை மறைத்தது யார்?' என்று அதில் எழுதியிருந்தது. மறைத்தது ஆள் இல்லை, இயந்திரம்.

தாரணி வெள்ளியோடை அணையில் உதவிப் பொறியாளர். அந்த ஐப்பசியில் மலை மேல் கொட்டிய மழை அணைக்கு ஒரே மத்தியானத்தில் வந்து சேர்ந்தது. கீழே ஊரில் நல்ல வெயில். யாருக்கும் எதுவும் தெரியாது. அணையின் சங்கு ஓடைப்பாலம் தாண்டிக் கேட்காது. இணையத்தில் ஊர்க்காரர்கள் எல்லோரும் இருக்கும் பொதுப் பக்கத்தில் அவள் எழுதினாள்: 'ஷட்டர் திறக்கப் போகிறோம். ஓடைக்கரையில் இருப்பவர்கள் உடனே மேட்டுக்கு ஏறுங்கள்.' அந்தக் காலத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு காவல் இயந்திரம் இருந்தது. பீதி கிளப்பும் பேச்சு என்று சொல்லி அது அவள் எழுதியதை மறைத்துவிட்டது. அவள் மறுபடி எழுதினாள். மறுபடி மறைத்து, கணக்கையும் பூட்டியது. தெரிந்த எண்களுக்கெல்லாம் கூப்பிட்டாள். பாதிப் பேர் எடுக்கவில்லை. ஜீப்பை எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

முதலில் ஜீப் கிடைத்தது. பிறகு அவள்.

இப்படி எத்தனையோ பேருடைய எத்தனையோ பேச்சுகளை இயந்திரங்கள் விழுங்கியிருந்தன. எல்லாக் கோபமும் சேர்ந்து பேச்சுக் காப்புச் சட்டம் வந்தது. இனி எந்தத் தளமும் யாருடைய பேச்சையும் அழிக்கக் கூடாது, மறைக்கக் கூடாது, கீழே தள்ளக் கூடாது, பொய் என்று சீட்டு ஒட்டவும் கூடாது. சொன்னவர் மட்டும்தான் எடுக்கலாம். அதிலும் கம்பெனிகள் தில்லுமுல்லு செய்யாமல் இருக்க ஒரு பூட்டு வைத்தார்கள். சொன்னவர் தான் சொன்னதை முதலிலிருந்து கடைசிவரை சத்தமாகப் படித்து, 'எடுத்துக்கொள்கிறேன்' என்று தன் வாயால் சொல்ல வேண்டும். கணக்குத் தொடங்கியபோது பதிந்த குரலோடு அது பொருந்த வேண்டும்.

நல்ல சட்டம் என்றுதான் சிபி நினைத்தான். அதன் கீழே வந்த முதல் பேச்சுகளில் ஒன்று இது:

'அணைக்கட்டு இன்ஜினியர் தாரணி ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் ஷட்டரைத் திறந்துவிட்டு ஜீப்பில் ஓடிப்போனாள். ஓடும்போதுதான் செத்தாள்.'

அதை முந்நூறு பேருக்கு மேல் தங்கள் பேச்சாக மறுபடி சொன்னார்கள்.

தாரணி போன பிறகு சிபி பேச்சைக் குறைத்துக்கொண்டான். அதற்கு முன்பும் அவன் அதிகம் பேசியவன் இல்லை. வீட்டில் பேசுவது அவள் வேலை. மண் பரிசோதனை நிலையத்துக்குப் போனான், வந்தான். மகள் ஆதிரைக்குச் சோறு போட்டான், அவள் சாப்பிட்டதால் தானும் சாப்பிட்டான். அந்தப் பேச்சைப் பார்த்தபோதுகூட அவனுக்கு எதுவும் தோன்றவில்லை. வருடம் இரண்டு ஓடின. சித்திரையில் ஒருநாள் பள்ளிக்கூடத்தில் சேர்க்கைக்குப் போனபோது வகுப்பறைச் சுவரில் இருந்த கருவியைப் பார்த்தான். அன்றைக்கே வக்கீல் ஜெசிந்தாவிடம் போனான். தாலுகா ஆபீஸ் வெயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர்.

"இதை எடுக்கணுங்க" என்று போனை நீட்டினான்.

ஜெசிந்தா படித்தார். "முடியாது சிபி."

"பொய்யுங்க."

"எனக்குத் தெரியும். கம்பெனிக்கும் தெரியும். ஆனா எது பொய்னு முடிவு பண்ற அதிகாரத்தை அவங்ககிட்டயிருந்து புடுங்குனதே நாமதானே? உங்க அட்டைக்கு நான்தான் குச்சி கட்டுனேன்."

"கோர்ட்டு?"

"போடலாம். தீர்ப்பு வர்றப்போ உங்க பொண்ணு காலேஜ்ல இருப்பா."

"ஜூன்ல ஒண்ணாங்கிளாஸ் போறா. முதல் நாள், ஒவ்வொரு புள்ளையும் அம்மா பேரை 'வாய்மொழி'கிட்டச் சொல்லுமாம். அது அம்மாவைப் பத்திச் சொல்லுமாம்."

வாய்மொழி என்பது எல்லா வீட்டிலும் கடையிலும் இருக்கிற, கேட்டதற்குப் பதில் சொல்லும் கருவி. சிபி தன் வீட்டில் மட்டும் அதைக் கழற்றிப் பரணில் போட்டிருந்தான்.

ஜெசிந்தா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அது யோசிக்கக் கூடாது, தரம் பிரிக்கக் கூடாது. ஒருத்தரைப் பத்தி அதிகம் பேர் என்ன சொல்லியிருக்காங்களோ அதை அப்படியே வாசிக்கணும். அதுவும் நம்ம சட்டந்தான்."

"நான் வேற மாதிரி சொன்னா?"

"சொந்தக்காரங்க சொல்றது எண்ணிக்கைல சேராது. இல்லேன்னா ஒவ்வொரு மந்திரியும் மச்சான், சகலைன்னு ஒரு லாரி ஆளைக் கூட்டிட்டு வந்து தன்னை மகாத்மான்னு சொல்லவெச்சிருவான். அன்னிக்கு லீவு போட்டுருங்க."

"அன்னிக்கு லீவு போடுவேன். மறுநாள் வேன்ல கேப்பா. கடையில கேப்பா. சொன்னவங்களே எடுக்கலாம்ல?"

"எடுக்கலாம். முந்நூறு பேரு, சிபி!"

"ஒவ்வொருத்தரா போறேன்" என்றான்.

முதலில் சொன்னவரிடமே முதலில் போனான். சின்னேரிப்பாளையத்தில் நாச்சிமுத்து என்பவர் ஆறு விசைத்தறி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். குடோனுக்குப் பத்தடி தூரத்திலேயே சத்தம் தரையிலிருந்து காலுக்கு ஏறியது. வாசலில் நின்று "ஏனுங்க" என்றான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

நாச்சிமுத்து தறியிலிருந்து கண்ணை எடுக்காமல் உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார். 'இருங்க.'

தறி ஊர்களில் அதுதான் முறை. குறுக்கே நூல் இழுத்து ஓடும் நாடாவில் நூல் தீர்ந்தால் தறி சும்மா அடிக்கும், துணி பாழாகும். அதனால் வந்தவர் யாரானாலும், சம்பந்தியே ஆனாலும், ஓட்டுகிறவர் நூல் சுற்றிய தாரை மாற்றி முடிக்கும்வரை வாசலில் நிற்க வேண்டியதுதான். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. சிபியும் நின்றான்.

நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தபடி வெளியே வந்தார். தலைமுடியில் பஞ்சு.

"யாருங்க தம்பி?"

"தாரணி ஊட்டுக்காரன்."

துண்டு முகத்திலேயே நின்றது. "அது எடுக்கறதுக்கில்லீங்க" என்றார், கேட்பதற்கு முன்பே.

"பொய்யுங்க அது."

"எதுங்க பொய்யி? என்ற காதுல ஒரு வார்த்தை உழுந்துச்சா? என்ற ஊட்டுக்காரி பாப்பாத்தி ஓடையில தொவைச்சுட்டு இருந்தா. ஒரு வார்த்தை வந்திருந்தா ஓடிப்போயிக் கூட்டியாந்திருக்க மாட்டனா?"

"சொல்லத்தான் வந்தா அவ."

"நீங்க பாத்தீங்களா?"

சிபி பார்க்கவில்லை. எட்டு கிலோமீட்டர் தள்ளி மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தான்.

"பாக்கலியில்ல? போங்க தம்பி. தறி நிக்குது."

திரும்பும் வழியில் ஓடைப்பாலத்து டீக்கடையில் வண்டியை நிறுத்தினான். கடைக்காரர் துரைசாமியும் அதைச் சொன்னவர்தான்.

"நானா? இதையா?" அவர் போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "நான் படிக்கவே இல்லீங்களே. எல்லாரும் அனுப்புனாங்க, நானும் தட்டிவுட்டேன்."

"இப்பப் படிங்க. சத்தமா."

படித்தார். 'ஓடிப்போனாள்' என்ற இடத்தில் தலையைத் தூக்கினார். சிபியின் முகத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை வேகமாகச் சொன்னார். "எடுத்துக்கொள்கிறேன்."

'குரல் பொருந்தவில்லை' என்றது போன்.

"அடக் கொடுமையே, நான் சொன்னதை நான் சொல்லலைங்குதே!"

பெஞ்சிலிருந்து ஒருவர் சொன்னார்: "மாமா, அன்னிக்கு உங்களுக்கு ஏது பல்லு? செட்டு மாட்டி ஆறு மாசந்தான ஆச்சு. கழட்டிப்போட்டுச் சொல்லுங்க."

கடையே சிரித்தது. துரைசாமி முறைத்துவிட்டுப் பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டார். பொக்கை வாயால் மறுபடி முதலிலிருந்து படித்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. போன் ஒத்துக்கொண்டது.

டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். "உங்க மொகத்துக்கு நேரா ரெண்டு தடவ சொல்லிப்போட்டனே தம்பி" என்றார்.

அந்தக் கோடை முழுவதும் சிபி போனான். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு, சந்தைக்கு, கல்யாண வீட்டுப் பந்திக்கு. ஆதிரையைச் சில நாள் வண்டியில் முன்னால் உட்கார்த்திக்கொண்டு போய்த் தெருமுனையிலேயே யாராவது ஒரு வீட்டாரிடம் விட்டுவிட்டு உள்ளே போவான். பேச்சு சுருக்கமாகவே இருக்கும். பெயர் சொல்வான். போனைக் காட்டுவான். படிக்கச் சொல்வான்.

"நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க, நான் படிச்சுப்போடறேன்" என்பார்கள்.

"இல்லீங்க. இருக்கேன்."

பல பேர் பாதியில் நிறுத்தினார்கள். கட்டை விரலால் தட்டும்போது வராத ஒன்று வாயால் சொல்லும்போது வந்தது. ஒரு பெண் படித்து முடித்துவிட்டு அவனை அடிக்கவே வந்தாள். "அப்போ வெள்ளத்துல போன என்ற தங்கச்சிக்கு யாரு பதில் சொல்றது?" என்றாள். ஆனாலும் அவள் எடுத்திருந்தாள்.

ஒரு கல்லூரிப் பையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "அது என் உரிமைண்ணா."

"ஆமா. அதுக்கு நானுந்தான் வெயில்ல உக்காந்தேன். எடுக்க வேண்டாம், ஒருதரம் சத்தமாப் படி. போதும்."

அவன் படித்தான். அவனுடைய அம்மா சமையலறை வாசலில் வந்து நின்று கேட்டாள். "இதையாடா சொல்லிட்டுத் திரியற?" என்றாள். அவனும் எடுத்தான்.

ஒரே வாக்கியத்தை நூறு குரலில் கேட்டான் சிபி. கீச்சுக் குரல், கரகர குரல், துபாயிலிருந்து வீடியோவில் விட்டு விட்டு வந்த குரல். முதலில் கசந்தது. பிறகு கசக்கவும் இல்லை. தகரத்தோடு தகரம் உரசுவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். ராத்திரி ஆதிரையைத் தூங்கவைக்கும்போது அவள் கேட்பாள்: "அம்மா கதை சொல்லுப்பா." "அம்மா டேம்ல வேலை பாத்தா" என்பான். "அப்புறம்?" "தூங்கு."

மே கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. நாச்சிமுத்துவுடையது.

பள்ளிக்கூடத்தில் ஒண்ணாம் வகுப்பு ஆசிரியை ஷர்மிளாவைப் போய்ப் பார்த்தான். நிலவரத்தைச் சொன்னான்.

"ஒண்ணுதானே மிச்சம்" என்றார் அவர், ஆறுதலாக.

"வேற யாரும் எதுவும் சொல்லலைன்னா அந்த ஒண்ணுதாங்க அதிகம்."

ஷர்மிளா யோசித்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஆதிரை பேரை விட்டுட்டு அடுத்த புள்ளைக்குப் போயிரட்டுமா? ஆனா அவ சும்மா இருக்க மாட்டாளே. சேர்க்கைக்கு வந்தப்பவே அந்தக் கருவியத் தொட்டுத் தொட்டுப் பாத்தா. 'எங்கம்மா பேரு இதுக்குத் தெரியுமா மிஸ்?'னு கேட்டா."

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள், வெயில் ஏறுவதற்குள், சிபி சின்னேரிப்பாளையம் போனான். குடோன் வாசலில் நின்றான். ஆறு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. இந்தத் தடவை அவன் கூப்பிடவில்லை. எப்படியும் கேட்காது.

ஓரக்கண்ணில் நிழல் தெரிந்ததும் நாச்சிமுத்துவின் கை தானாக உயர்ந்தது. உள்ளங்கை. 'இருங்க.'

பிறகு அவர் தலையைத் திருப்பினார். வந்தது யார் என்று பார்த்தார். கை கீழே இறங்கவில்லை. தறியில் நூல் தீர்ந்து நாடா வெறுமனே அடித்தது. அவர் அசையவில்லை. தன் கையையே, வேறு யாருடையதோ போல, பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் சுவரோரம் நடந்து போய் மெயின் சுவிட்சை இழுத்தார்.

தறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. வெளியே காக்காய் கத்துவது கேட்டது.

"அன்னிக்கு அவங்களும் இப்படித்தான் நின்னாங்க" என்றார்.

சிபி தன் காலடியைப் பார்த்தான்.

"நீங்க நிக்கிற எடத்துலயே. மூஞ்சியெல்லாம் வேர்வை. வாயத் தொறக்கறாங்க, மூடறாங்க. எனக்கு ஒண்ணுமே கேக்கலீங்க. கரண்ட் ஆபீசுப் புள்ளையாக்கும்னு நெனச்சேன். கையக் காட்டுனேன். மூணாவது தறிக்குத் தார் மாத்திப்போட்டுத் திரும்பறேன், ஆளக் காணோம்."

"எந்தப் பக்கம் போனா?"

நாச்சிமுத்து துண்டைக் கையில் சுற்றினார், அவிழ்த்தார். "ஜீப்பு ஓடைக்குத்தான் எறங்குச்சு. தொவைக்கற கல்லுப் பக்கம். பொம்பளைங்க இருக்கற எடத்துக்கு."

மேட்டு ரோடு வலது பக்கம். ஓடை இடது பக்கம். ஓடுகிறவர் யாரும் இடது பக்கம் போக மாட்டார்கள். சிபி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவனுக்கு நெஞ்சில் ஏதோ வலித்தது. வலிக்கிறது என்று அடையாளம் தெரியவே கொஞ்சம் நேரமாயிற்று.

"ஏங்க இதைச் சொல்லல?"

"சொன்னா, கையக் காட்டி நிறுத்துனவன் யாருன்னு கேப்பாங்கல்ல? மொதல்ல நாந்தான் கேப்பேன்." நாச்சிமுத்து தறியின் மேல் உட்கார்ந்தார். "அவங்க ஓடிப்போயிட்டாங்கன்னு சொன்னதுக்கப்பறம் கொஞ்சம் தூக்கம் வந்துதுங்க."

சிபி உள்ளே போனான். இரண்டு கையையும் நீட்டினான், துக்க வீட்டில் நீட்டுவதுபோல. "பாப்பாத்தியம்மா எழவுக்கு நான் வரல. வந்திருக்கோணும்."

நாச்சிமுத்து அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொட்டார். அவர் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது.

"எடுங்கன்னு கேக்க மாட்டேன்" என்றான் சிபி. "நாளைக்குக் காத்தால எம்பொண்ணு அவங்கம்மா பேரைச் சொல்லுவா. அது உங்க வார்த்தைய வாசிக்கும். சொன்னது ஒருத்தர்தான்னா பேரையும் சொல்லி வாசிக்கும். தெரிஞ்சுக்கங்க, அவ்வளவுதான்."

துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்வதில்லை. சொல்லாமல் வந்துவிட்டான்.

மறுநாள் வகுப்பறையில் பெற்றோர் பின்னால் வரிசையாக நின்றார்கள். சிபி ஜன்னலோரம் நின்றான். பலூனும் வண்ணக் காகிதமும் கட்டியிருந்தார்கள். ஒரு பையன் எழுந்து, "எங்கம்மா பேரு கோகிலா, பஸ் ஸ்டாண்டு முறுக்குக் கடை" என்றான்.

"கோகிலாவைப் பற்றி அதிகம் பேர் சொல்வது" என்றது சுவரிலிருந்த வாய்மொழி. "முறுக்கு நன்றாக இருக்கும். வாய் கொஞ்சம் நீளம்."

பின் வரிசையில் கோகிலா, "எவ அவ சொன்னது?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆதிரையின் முறை வந்தது. ஷர்மிளா சிபியைப் பார்த்தார். சிபி தலையசைத்தான்.

"எங்கம்மா பேரு தாரணி. வெள்ளியோடை டேம் இன்ஜினியர்."

கருவியில் பச்சை விளக்கு சுழன்றது. சிபி ஜன்னல் கம்பியைப் பிடித்தான்.

"தாரணியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை."

விளக்கு அணைந்தது.

நாச்சிமுத்து எடுத்துவிட்டார். தறிகளை நிறுத்தி, யாருமில்லாத குடோனில், அந்த வாக்கியத்தை முழுதாகத் தன் வாயால் படித்து எடுத்திருக்கிறார். சிபி சந்தோஷம் வரும் என்று காத்திருந்தான். ஒரு கோடை முழுக்க அலைந்தது இதற்குத்தான்.

ஆதிரை கருவியைப் பார்த்தாள். மறுபடி சொன்னாள், இன்னும் சத்தமாக. "தாரணி!" அது மறுபடி அதையே சொன்னது. அவள் திரும்பிப் பின் வரிசையில் அவனைத் தேடினாள்.

"யாருமே சொல்லலையாப்பா?"

இதை அவன் நினைக்கவே இல்லை. ஊர் ஊராகப் போய் எடுக்கச் சொன்னான். யாரையும் எதையும் சொல்லச் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை.

நடுவில் இருந்த குட்டி நாற்காலிகளை விலக்கிக்கொண்டு முன்னால் போனான். ஷர்மிளா தாழ்ந்த குரலில், "நீங்க சொன்னா இதுல சேராதுங்க" என்றார்.

"சேர வேண்டாங்க."

கரும்பலகைக்குக் கீழே தரையில் உட்கார்ந்தான். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கினான்.

"உங்கம்மாவுக்கு நீச்சல் தெரியாது."

பிள்ளைகள் அவனையே பார்த்தார்கள்.

"முழங்கால் தண்ணிக்கே பயப்படுவா. ஆனா அன்னிக்கு ஓடையில துணி தொவைச்சுட்டு இருந்தவங்களைக் கூட்டிட்டு வர, ஜீப்பைத் தண்ணிப் பக்கமா ஓட்டுனா."

"அப்புறம்?" என்றான் முறுக்குக் கடைப் பையன்.

"டேய், அது எங்கம்மா. நான்தான் கேப்பேன்." ஆதிரை அவனைத் தள்ளிவிட்டு வந்து அப்பாவின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். தாரணி அப்படித்தான் உட்காருவாள்.

"அப்புறம்?"

சிபி சொல்ல ஆரம்பித்தான்.